கடனும் பத்தவில்லை, சம்பளமும் பத்தவில்லை: காலேஜ் ஃபீஸ் பற்றி மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்ததிலிருந்து ஆகஸ்ட் முடியும்வரை தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர், முலுண்ட் என்று எங்கிருந்து யார் பேசினாலும் விஷயம் ஒன்றுதான்: பிள்ளைக்கு சீட் இருக்கிறது, பணம் இல்லை. ஃபார்ம் நிரப்ப உதவி செய்கிறவன் என்ற முறையில் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். மகாராஷ்டிர விதிகள்தான் இதில் அதிகம். தமிழ்நாட்டில் இருக்கும் சொந்தக்காரர் போனில் சொல்வது பல சமயம் இங்கே பொருந்தாது, அந்தக் குழப்பத்துக்கும் இதில் பதில் இருக்கிறது.

வருட வருமானம் நாலு லட்சம். மகனுக்கு இன்ஜினியரிங் ஃபீஸ் வருடத்துக்கு ஒன்றரை லட்சம். முதலில் எந்த பேங்குக்குப் போக வேண்டும்?

இப்போதைக்கு எந்த பேங்குக்கும் போக வேண்டாம். முதலில் ஒரு விஷயம் சொல்லுங்கள், சீட் எந்த வழியாக வந்தது? மகாராஷ்டிர நுழைவுத் தேர்வான எம்எச்டி-சிஇடி எழுதி, அரசாங்கத்தின் சிஇடி செல் நடத்தும் கேப் ரவுண்டில், அதாவது பொதுக் கலந்தாய்வில், ஒதுக்கப்பட்டதா, இல்லை காலேஜ் ஆபீஸில் நேராகப் போய் வாங்கியதா? அரசாங்கத்தின் ஃபீஸ் சலுகையும் வட்டி மானியமும் பேங்க் காட்டும் முகமும் எல்லாம் இந்த ஒரு பதிலைப் பொறுத்துத்தான். ஒரே காலேஜ், ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இரண்டு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள்; கேப்பில் வந்தவன் பாதி ஃபீஸ் கட்டுவான், மற்றவன் முழுசும் கட்டுவான், குடும்ப வருமானம் இரண்டு பேருக்கும் ஒன்றாகவே இருந்தாலும்.

அதனால் "எந்த பேங்க்" என்பது மூன்றாவது கேள்வி. முதல் கேள்வி சீட்டின் வழி. இரண்டாவது, நாலு வருடத்துக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்பது. எல்லோரும் முதல் வருடப் பணத்தைப் புரட்டிவிட்டு அடுத்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது வருட ஜூலையில் அவர்களில் பாதிப் பேர் மறுபடி என்னைக் கூப்பிடுகிறார்கள்.

கேப்பில் நல்ல காலேஜ் வரவில்லை. ஏஜென்ட் ஒருவர் மேனேஜ்மென்ட் சீட் வாங்கித் தருகிறேன், லோனும் நானே முடித்துத் தருகிறேன் என்கிறார். போகலாமா?

கையில் பணம் இருக்கிறவர்கள் அதைப் பற்றி யோசிக்கட்டும். பணம் இடிக்கிறது என்பதற்காகத்தான் இதைப் படிக்கிறீர்கள் என்றால் வேண்டாம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் மாநிலத்தின் ஃபீஸ் சலுகை கிடையாது. மத்திய அரசின் பிஎம் வித்யாலக்ஷ்மி கல்விக் கடன் திட்டத்திலும் மேனேஜ்மென்ட் கோட்டா சேராது. லோன் கிடைக்கும்தான், ஆனால் பெரும்பாலும் தனியார் நிதி நிறுவனத்தில், கூடுதல் வட்டிக்கு. அந்த "நானே முடித்துத் தருகிறேன்" என்பதற்கு அர்த்தம் இதுதான்.

இன்னொன்று. மகாராஷ்டிராவில் தனியார் தொழிற்கல்விக் கல்லூரிகளின் கட்டணத்தை ஃபீ ரெகுலேட்டிங் அத்தாரிட்டி என்ற அமைப்புதான் நிர்ணயிக்கிறது, 2015 ஆம் வருடச் சட்டத்தின்படி. காலேஜ் வாரியாக, கோர்ஸ் வாரியாக அதன் தளத்தில் போட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் "டெவலப்மென்ட்", "டொனேஷன்" என்று ரசீது இல்லாமல் கேட்டால் அது கேப்பிடேஷன் ஃபீஸ். 1987 லேயே சட்டம் போட்டுத் தடை செய்தது. ரசீது இல்லாத பணத்துக்கு எந்த பேங்கும் கடன் தராது, அது முழுக்க உங்கள் கையிலிருந்துதான் போகும்.

ஃப்ரீஷிப் என்கிறார்களே, எங்களுக்குக் கிடைக்குமா?

நம் ஆட்கள் எல்லாச் சலுகையையும் ஃப்ரீஷிப் என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் இது பல திட்டம், எல்லாவற்றுக்கும் வாசல் மகாராஷ்டிர அரசின் ஸ்காலர்ஷிப் தளமான மகாடிபிடி போர்ட்டல்.

ஓபன் பிரிவில் இருந்து, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் ராஜர்ஷி ஷாஹு மகராஜ் பெயரிலான திட்டம். பேச்சுவழக்கில் இபிசி, அதாவது பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கானது. கேப் வழியாக வந்த தொழிற்கல்வி சீட்டுக்கு டியூஷன் ஃபீஸிலும் எக்ஸாம் ஃபீஸிலும் பாதியை அரசாங்கம் ஏற்கும். பெண் பிள்ளை என்றால் இன்னும் நல்ல செய்தி: 2024-25 லிருந்து, வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்கும் இடபிள்யூஎஸ் (பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தவர்), எஸ்இபிசி (சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்), ஓபிசி பிரிவுப் பெண்களுக்கு அந்தப் பாதி முழுசாக மாறியிருக்கிறது. தனியார் காலேஜும் இதில் உண்டு, ஆனால் கேப் வழியாக வந்திருக்க வேண்டும். தனியார் டீம்ட் (நிகர்நிலை) யுனிவர்சிட்டிகள் கிடையாது. உங்கள் மகள் இதில் எந்தப் பிரிவின் கீழ் வருவாள் என்பதை அட்மிஷனுக்கு முன்னால் காலேஜ் ஸ்காலர்ஷிப் கிளார்க்கிடம் கேட்டுவிடுங்கள். பிரின்சிபாலைவிட அவருக்குத்தான் இது தெரியும்.

எஸ்சி பிரிவில் வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) ஸ்காலர்ஷிப், அதற்கு மேல் என்றால் ஃபீஸை அரசாங்கம் ஏற்கும் நிஜமான ஃப்ரீஷிப். சாதிச் சான்றிதழ் விஷயத்தில் நமக்கு இங்கே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

எதற்கு விண்ணப்பித்தாலும் இரண்டு காகிதம் கட்டாயம்: டொமிசைல் (இந்த மாநிலத்தில் குடியிருப்பதற்கான சான்று), தாசில்தார் தரும் இன்கம் சர்டிபிகேட். டொமிசைலுக்கு மகாராஷ்டிராவில் 15 வருடம் குடியிருந்ததற்கு அத்தாட்சி கேட்பார்கள். சாலில் (வரிசை வீடுகளில்) வாடகைக்கு வீடு மாறி மாறி இருந்தவர்களுக்கு இதுதான் தலைவலி. பிள்ளையின் ஸ்கூல் ரெக்கார்டு, ரேஷன் கார்டு, பழைய லைட் பில் என்று எதையும் தூக்கிப்போடாமல் வைத்திருந்தால் பிழைத்தீர்கள். மாநில அரசின் ஆப்லே சர்க்கார் போர்ட்டலிலோ, விண்ணப்பம் வாங்கும் சேது மையத்திலோ விண்ணப்பிக்கலாம். ரிசல்ட் வந்தபிறகு போனால் கூட்டம் மொய்க்கும், ஏப்ரலிலேயே முடித்துவிடுங்கள்.

பணம் ஆதாரோடு இணைந்த அக்கவுன்ட்டுக்குத்தான் வரும். ஆதார் வேறு ஒரு பழைய அக்கவுன்ட்டோடு இணைந்திருந்தால் பணம் அங்கே போய்ச் சேரும், நீங்கள் இங்கே காத்திருப்பீர்கள். அப்புறம் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், தானாக வராது.

பூர்வீகம் திருநெல்வேலி. ஊரில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். உண்மையா?

கேட்க நன்றாக இருக்காது, ஆனால் மாநிலச் சலுகைக்கு அது செல்லாது என்பது உண்மைதான். ஒரு மாநிலத்தில் எஸ்சியாகவோ எஸ்டியாகவோ இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் அங்கே அந்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 1990 லேயே சொல்லிவிட்டது, 2018 லும் உறுதி செய்தது. மகாராஷ்டிராவில் சான்றிதழ் வாங்க இரண்டு தேவை: உங்கள் சாதி இந்த மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும், உங்கள் குடும்பம் ஒரு குறிப்பிட்ட தேதியிலேயே இங்கே இருந்திருக்க வேண்டும். எஸ்சிக்கு 10 ஆகஸ்ட் 1950, எஸ்டிக்கு 6 செப்டம்பர் 1950, ஓபிசிக்கு 13 அக்டோபர் 1967.

தாத்தா காலத்திலேயே தோல் பதனிட வந்த தாராவிக் குடும்பங்கள் சிலவற்றுக்கு அந்தத் தேதிக்கு முந்தைய காகிதம் இருக்கக்கூடும்: தாத்தாவின் ஸ்கூல் லீவிங், முனிசிபாலிட்டி வேலை ரெக்கார்டு, பழைய வாடகை ரசீது. தேடிப் பாருங்கள். கிடைத்தாலும் அதோடு முடியாது, தொழிற்கல்வியில் ரிசர்வ் சீட்டுக்கு அந்தச் சாதிச் சான்றைச் சரிபார்த்து உறுதி செய்யும் வேலிடிட்டி சர்டிபிகேட்டும் வேண்டும், அது கைக்கு வர மாதக்கணக்கில் இழுக்கும். பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டிய வேலை இது.

அதற்காக ஊர்ச் சான்றிதழைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐஐடி, என்ஐடி, மத்தியப் பல்கலைக்கழகங்களில் அது செல்லும். பிள்ளை மும்பையிலேயே பிறந்திருந்தாலும் அப்பாவின் தமிழ்நாட்டுச் சான்றிதழை வைத்து இங்கேயே மத்திய அரசு விஷயங்களுக்கான சான்றிதழ் வாங்க வழி உண்டு. ஐஐடியில் எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு டியூஷன் ஃபீஸே கிடையாது. வருமானம் 1 லட்சத்துக்குள் இருக்கும் எல்லாப் பிரிவினருக்கும் கிடையாது. 1 லிருந்து 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. பவாய் ஐஐடிக்குப் பக்கத்திலேயே குடியிருந்துகொண்டு, அங்கே பல லட்சம் ஆகும் என்று பயந்து ஜேஇஇ எழுதாமல் விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

சாதிச் சான்றிதழ் இங்கே எடுபடாவிட்டால் ஓபன் பிரிவில் இபிசிக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு டொமிசைலும் வருமானமும்தான் கணக்கு. கசப்பான விஷயம்தான், ஆனால் கட்ட வேண்டிய பணத்தில் பாதி குறைகிறது. எஸ்சி மாணவர்கள் பலரை இந்த யோசனை சொல்ல ஆளில்லாமல் முழு ஃபீஸும் கட்ட வைத்திருக்கிறார்கள்.

தமிழர் என்பதற்காக ஏதாவது உண்டா?

உண்டு, பலருக்குத் தெரியாது. தமிழ் இங்கே மொழிச் சிறுபான்மை. சிறுபான்மை அந்தஸ்து உள்ள கல்லூரிகள் ஒரு பகுதி சீட்டை அந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்குகின்றன. தென்னிந்தியர்கள் 1932 ல் மாட்டுங்காவில் தொடங்கிய எஸ்ஐஇஎஸ் சொசைட்டிக்கு இன்று சயானிலும் நெருலிலும் கல்லூரிகள் இருக்கின்றன, அங்கிருந்து தொடங்குங்கள். சிஇடி செல் போடும் பட்டியலில் எந்தக் காலேஜ் எந்த மொழிக்கு என்று இருக்கும். பிள்ளையின் எல்.சி.யில் (ஸ்கூல் லீவிங் சர்டிபிகேட்டில்) தாய்மொழி தமிழ் என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். சில பள்ளிகளில் இந்தி என்றோ மராத்தி என்றோ போட்டுவிடுகிறார்கள், பத்தாம் வகுப்புக்கு முன்னால் என்றால் திருத்துவது சுலபம்.

இது சீட் கிடைக்க உதவும், ஃபீஸைக் குறைக்காது. சிறுபான்மையினர் ஸ்காலர்ஷிப் என்று மகாடிபிடியில் இருப்பது மதச் சிறுபான்மைக்கு, தமிழ்க் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அதைப் பார்க்கலாம்.

ஊருக்கே அனுப்பிவிட்டால் செலவு குறையுமே?

சில சமயம் குறையும். தமிழ்நாட்டு இன்ஜினியரிங் சேர்க்கைக்கான டிஎன்இஏ கவுன்சலிங்கில் வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பூர்வீகப் பிள்ளைகளும் கலந்துகொள்ளலாம், நேட்டிவிட்டி சர்டிபிகேட் (பூர்வீகச் சான்று) வேண்டும். ஆனால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, மாத உதவித்தொகை தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் எல்லாம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு, தாராவி முனிசிபல் தமிழ்ப் பள்ளி அதில் சேராது. ஹாஸ்டல், சாப்பாடு, ரயில் செலவையும் கூட்டிப் பாருங்கள். இங்கே என்றால் பிள்ளை வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மாணவர் சலுகை பாஸில் லோக்கல் ட்ரெயினில் போய்வருவான்.

அப்பா இட்லி வியாபாரம். சம்பள ஸ்லிப் இல்லை, வருமான வரி ரிட்டர்ன் இல்லை. பேங்க் கடன் தருமா?

தர வேண்டும். படிப்புக் கடனுக்கு இந்தியன் பேங்க்ஸ் அசோசியேஷனின் மாதிரித் திட்டம் இருக்கிறது, அரசு வங்கிகள் பெரும்பாலும் அதைத்தான் பின்பற்றுகின்றன. படித்து முடித்ததும் மாணவன் சம்பாதித்துக் கட்டுவான் என்பதுதான் அதன் அடிப்படையே. 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது, மார்ஜின் பணமும் (நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கு) வேண்டாம். 7.5 லட்சம் வரையிலும் சொத்து அடமானம் இல்லாமல் தரலாம், ஏனென்றால் அந்தக் கடனுக்கு மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. அதற்கு மேல்தான் வீட்டுப் பத்திரம் கேட்பார்கள். சாலில் இருக்கிறவர்களிடம் ஏது பத்திரம்? அதனால் நம்மில் பலருக்கு 7.5 லட்சம் என்பதுதான் நிஜ எல்லை. செலவு அதைத் தாண்டுகிற காலேஜ் என்றால் சேருவதற்கு முன்பே இன்னொரு முறை உட்கார்ந்து பேசுங்கள்.

வருமானம் காட்ட: தாசில்தார் சான்று, வியாபாரப் பணம் வந்து போகும் பேங்க் ஸ்டேட்மென்ட், யுபிஐ வரவு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு. யுபிஐ வந்தபிறகு இட்லி வியாபாரிகளுக்கும் ஸ்டேட்மென்ட் என்று ஒன்று கிடைத்திருக்கிறது. வரி வராவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்து வைக்கலாம், ஆன்லைனில் நாமே செய்தால் காசு கிடையாது. உண்மையான வருமானத்தைப் போடுங்கள். ஸ்காலர்ஷிப்புக்குக் குறைவாகவும் பேங்குக்கு அதிகமாகவும் காட்டச் சொல்லி யோசனை தருகிறவர்கள் இருக்கிறார்கள், இரண்டு காகிதமும் ஒரே பான் நம்பரில் சந்திக்கும்.

அப்பாவின் சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான ஸ்கோர், கெட்டுப்போயிருந்தால் அம்மாவையோ சம்பாதிக்கும் அண்ணனையோ கூட்டுக் கடனாளியாகச் சேர்க்கலாமா என்று கேளுங்கள். மாணவரின் சிபில் ஸ்கோர் குறைவு என்பதை மட்டும் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் சொன்னது. மும்பை வங்கியை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் கடிதத்தில் எழுதினால் மேனேஜர் கொஞ்சம் நிதானிப்பார்.

பிஎம் வித்யாலக்ஷ்மி என்று விளம்பரம் வருகிறதே, அது வேறா?

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம். அரசாங்கம் பட்டியலிட்ட தரமான கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு ஜாமீனும் அடமானமும் இல்லாத கடன். குடும்ப வருமானம் 8 லட்சம் வரை இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்திலும் அதற்கடுத்த ஒரு வருடத்திலும் 3 சதவீத வட்டியை அரசாங்கம் கட்டும். வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்கல்வி படித்தால் அந்தக் காலத்து வட்டி முழுவதையும் ஏற்கும் திட்டமும் இருக்கிறது.

இரண்டு விஷயம் கவனியுங்கள். உங்கள் காலேஜ் அந்தப் பட்டியலில் இருக்கிறதா? மும்பையின் சாதாரணத் தனியார் காலேஜ்கள் பல அதில் இல்லை. அப்போது பழைய மாதிரித் திட்டத்தில்தான் கடன். அடுத்தது, வேறு அரசாங்க ஸ்காலர்ஷிப்போ ஃபீஸ் சலுகையோ வாங்கினால் 3 சதவீத மானியம் கிடையாது. பாதி ஃபீஸ் தள்ளுபடி கிடைக்கும் என்றால் யோசிக்காமல் அதையே எடுங்கள்.

வட்டி உண்மையில் எவ்வளவு வரும்? பேங்கில் யாரும் தெளிவாகச் சொல்வதில்லை.

கணக்கு போட்டுப் பார்ப்போம். வருடத்துக்கு ஒன்றரை லட்சம், நாலு வருடம், மொத்தம் 6 லட்சம், 10 சதவீத வட்டி. படிக்கும் நாலு வருடமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி நிற்காது, முதல் வருடம் வாங்கிய ஒன்றரை லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நாலு வருடம் என்று தனிவட்டியாகவே மொத்தம் 2.1 லட்சம் சேர்ந்துவிடும். தவணை தொடங்கும் அன்று கடன் 8.1 லட்சம். பத்து வருடத்தில் கட்டினால் மாதம் சுமார் 10,700 ரூபாய். பதினைந்து வருடம் என்றால் சுமார் 8,700, ஆனால் மொத்த வட்டி நிறைய ஏறும்.

இப்போது வேறு மாதிரி. படிக்கும்போதே அந்தந்த மாத வட்டியை மட்டும் கட்டி வருகிறீர்கள். முதல் வருடம் மாதம் 1,250, அடுத்த வருடம் 2,500, அப்புறம் 3,750, 5,000, படிப்பு முடிந்த அடுத்த வருடமும் அதே 5,000. தவணை தொடங்கும்போது கடன் 6 லட்சமாகவே நிற்கும், மாதத் தவணை சுமார் 7,900. படிக்கும் காலத்திலேயே வட்டி கட்டுகிறவர்களுக்கு வட்டி விகிதத்தில் 1 சதவீதம் வரை குறைக்கும் வங்கிகள் உண்டு, பெண் பிள்ளைகளுக்கு அரை சதவீதம் குறைப்பதும் பல அரசு வங்கிகளில் வழக்கம். இரண்டையும் நீங்கள்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும். முதல் வருடம் 1,250 ரூபாய் என்பது பல வீடுகளில் முடிகிற தொகைதான், அங்கிருந்தாவது தொடங்குங்கள்.

மேனேஜர் ஃபார்மே தரவில்லை. "உங்கள் ஏரியா எங்கள் பிராஞ்ச் இல்லை" என்று அனுப்பிவிட்டார்.

வீடு எங்கள் எல்லைக்குள் இல்லை என்று சொல்லிக் கல்விக் கடன் விண்ணப்பத்தை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. கவுன்ட்டரில் வாக்குவாதம் செய்து பலனில்லை. வித்யாலக்ஷ்மி போர்ட்டலில் விண்ணப்பியுங்கள், அப்போது தேதியோடு ஒரு நம்பர் கிடைக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டதுமே "நாளைக்கு வாங்க, பார்க்கலாம்" என்று குரல் மாறும் பிராஞ்சுகள் இருக்கின்றன.

பேங்குக்கே முதலில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி இல்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேன். ஆன்லைனில் இலவசம், உதவிக்கு 14448. இதெல்லாம் ஒரு மாதம் இரண்டு மாதம் எடுக்கும், காலேஜ் கெடு பத்து நாளில் முடியும். அதனால் கேப் ரவுண்ட் நடக்கும்போதே பேங்கிலும் பேச்சைத் தொடங்கிவிடுங்கள், அலாட்மென்ட் லெட்டர் வந்ததும் சேர்த்துக் கொடுத்துக்கொள்ளலாம்.

சலுகை, கடன் எல்லாம் போக இன்னும் எண்பதாயிரம் இடிக்கிறது. நகையை வைக்கலாமா?

இடைவெளி சில மாதத்துக்குத்தான் என்றால் வைக்கலாம். ஸ்காலர்ஷிப் பணம் பின்னால் வரும், காலேஜ் முன்னால் கேட்கிறது, அந்த மாதிரி நேரத்துக்கு பேங்க் நகைக் கடன் நல்லதுதான். நாலு வருடமும் நகையை வைத்தே ஓட்டலாம் என்றால் வேண்டாம். பல நகைக் கடன்கள் 12 மாதத்தில் அசலோடு முடிக்க வேண்டியவை. வட்டியைக் கட்டிப் புதுப்பித்துக்கொண்டே போய்க் கடைசியில் ஏலத்துக்கு விட்ட வீடுகள் நம் ஏரியாவிலேயே இருக்கின்றன.

காலேஜில் தவணை கேளுங்கள். பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம், இன்கம் சர்டிபிகேட் நகல், எந்தத் தேதியில் எவ்வளவு கட்டுவீர்கள் என்ற விவரம். வாயால் கெஞ்சுவதைவிட இது வேலை செய்கிறது, ஏனென்றால் அவர் கையெழுத்துப் போட ஒரு காகிதம் கிடைக்கிறது.

அப்பாவோ அம்மாவோ கம்பெனி வேலையில் இருந்தால் பிஎஃப்பில் பிள்ளைகளின் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கு அட்வான்ஸ் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஓய்வுக்கால பணம் குறையும், அதைத் தெரிந்தே எடுங்கள்.

பிஷி (தெரிந்தவர்கள் சேர்ந்து போடும் சீட்டு) போடுகிற வீடுகள் ஜூன், ஜூலையில் தங்களுக்கு முறை வருமாறு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது உண்டு. பெண்கள் பார்த்துக்கொள்ளும் பிஷி என்றால் பெரும்பாலும் நாணயமாக நடக்கிறது. தெரியாத ஆள் நடத்தும் பெரிய சீட்டில் பிள்ளையின் ஃபீஸைப் போடாதீர்கள். தினவட்டி, மீட்டர் வட்டிக்காரர் பக்கமே போகாதீர்கள், மாதம் 5 வட்டி என்றால் வருடத்துக்கு 60 சதவீதம்.

காலேஜிலேயே ஒரு கம்பெனி "வட்டியில்லாத இஎம்ஐ" என்று உட்கார்ந்திருக்கிறது.

அதுவும் கடன்தான், உங்கள் பெயரில். ஒரு வருட ஃபீஸைப் பன்னிரண்டு மாதத்தில் கட்டச் சொல்வார்கள், அதாவது படிக்கும் காலத்திலேயே முழுத் தவணை. ப்ராசஸிங் ஃபீஸ் எவ்வளவு, மொத்தமாகக் கட்டினால் காலேஜ் எவ்வளவு தள்ளுபடி தரும் என்று கேளுங்கள், வட்டி அங்கே ஒளிந்திருக்கும். பிள்ளை நடுவில் படிப்பை விட்டாலும் தவணை நிற்காது.

டிரஸ்ட், கம்பெனி ஸ்காலர்ஷிப் எல்லாம் நிஜமாகவே கொடுக்கிறார்களா?

கொடுக்கிறார்கள், ஆனால் அதை நம்பி சீட் எடுக்காதீர்கள்; வந்தால் கடனைக் குறைக்கப் பயன்படுத்துங்கள். நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் மத்திய அரசு ஸ்காலர்ஷிப் ஒன்று, பன்னிரண்டாம் வகுப்பில் அந்த போர்டின் மேல் 20 சதவீதத்துக்குள் வந்து, வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு, டிகிரிக்கு வருடம் 12,000 ரூபாய். டெக்னிக்கல் டிகிரி அல்லது டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கு, தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇயின் பிரகதி ஸ்காலர்ஷிப், வருடம் 50,000, வருமான வரம்பு 8 லட்சம். ரிலையன்ஸ் ஃபவுண்டேஷன் முதல் வருட டிகிரி மாணவர்களுக்கு மொத்தம் 2 லட்சம் வரை தருகிறது, போட்டி கடுமை. ஜே.என். டாடா எண்டோமென்ட் 1892 லிருந்து இருக்கிறது, அது வெளிநாட்டு மேற்படிப்புக்கு மட்டும், அதுவும் கடனாக.

மும்பையில் சின்னச் சின்ன டிரஸ்டுகள் ஏராளம், கோட்டைப் பகுதியிலும் தாதரிலும் ஒரு அறை, ஒரு கிளார்க் என்று. பத்தாயிரம், பதினைந்தாயிரம் தருவார்கள், செக் காலேஜ் பெயரில் வரும். ஊர்ச் சங்கங்களும் இப்படித்தான். மார்க் ஷீட், ஃபீஸ் ரசீது, இன்கம் சர்டிபிகேட், ரேஷன் கார்டு நகல்களை நாலைந்து செட் போட்டு வைத்துக்கொண்டு, பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். விண்ணப்பத்துக்கே பணம் கேட்கிற ஸ்காலர்ஷிப் எதுவும் ஸ்காலர்ஷிப் இல்லை.

மகள் பி.காம் கேட்கிறாள். அதற்குமா இவ்வளவு யோசனை?

எய்டட் (அரசு உதவி பெறும்) காலேஜில் பி.காம், பி.ஏ., பி.எஸ்சி. என்றால் ஃபீஸ் சில ஆயிரங்களில் முடியும், கடனே வேண்டாம். அதே கட்டடத்தில் பிஎம்எஸ் (மேனேஜ்மென்ட் டிகிரி), பிஎஸ்சி ஐடி என்று செல்ஃப் ஃபைனான்ஸ் கோர்ஸ்கள் ஓடும், அங்கே ஃபீஸ் பல மடங்கு. பெயர் புதுசாக இருக்கிறது என்பதற்காக அங்கே சேர்த்துவிட்டுப் பின்னால் தடுமாறுகிறவர்கள் உண்டு. எய்டட் பி.காம் படித்துக்கொண்டே சிஏ ஃபவுண்டேஷனுக்குப் போவது எனக்குத் தெரிந்து மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நன்றாக அமைந்த வழி.

ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேரட்டுமா?

முடிந்தவரை வேண்டாம். சம்பளம் பழகிய பையன் திரும்பி வருவது கஷ்டம், மகாடிபிடி திட்டங்களும் படிப்பில் நீண்ட இடைவெளி விழுந்தால் கேள்வி கேட்கும். வேலையும் படிப்பும் சேர்ந்தே போக மும்பையில் பழைய ஏற்பாடு இருக்கிறது: வேலைக்குப் போகிறவர்களுக்காகவே காலை வகுப்புகளோடு அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் 1946 ல் தொடங்கிய சித்தார்த் கல்லூரி கோட்டைப் பகுதியில் இன்றும் நடக்கிறது. மும்பைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி கலினாவில். பத்தாம் வகுப்பு முடித்த தம்பி வீட்டில் இருந்தால் அவனுக்கு அரசு பாலிடெக்னிக்கைப் பாருங்கள், மூன்று வருட டிப்ளமோ, குறைந்த ஃபீஸ், பிறகு இன்ஜினியரிங்கில் நேராக இரண்டாம் வருடம். ஒரு வருட பி.இ. செலவு மிச்சம்.

பணம் புரளவில்லை, சேர்ந்த காலேஜிலிருந்து விலகுகிறோம். ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் தர மறுக்கிறார்கள்.

அப்படிப் பிடித்து வைக்க பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதியில் இடமில்லை, 2018 லேயே அறிவிப்பு வந்திருக்கிறது. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டும். கட்டிய ஃபீஸும் குறிப்பிட்ட தேதிக்குள் விலகினால் திரும்ப வர வேண்டும். அந்தத் தேதியை யுஜிசியும், இன்ஜினியரிங் என்றால் ஏஐசிடிஇயும் ஒவ்வொரு வருடமும் அறிவிக்கின்றன. விலகல் கடிதத்தை ஈமெயிலிலும் அனுப்புங்கள், தேதிக்கு அதுதான் சாட்சி.

படிப்பு முடிந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, நல்ல வேலை இல்லை, தவணை தொடங்கிவிட்டது.

பேங்க் போனை எடுக்காமல் இருப்பதுதான் எல்லோரும் செய்வது. தவணை 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும், கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்ட அப்பாவின் சிபிலும் சேர்ந்தே விழும். அதற்கு முன்னாலேயே பிராஞ்சுக்குப் போய், வேலை இல்லை அல்லது சம்பளம் இவ்வளவுதான் என்று எழுதிக் கொடுங்கள், ஆஃபர் லெட்டரோ சம்பள ஸ்லிப்போ இருந்தால் இணையுங்கள். வேலையில்லாத காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க மாதிரித் திட்டத்திலேயே இடம் இருக்கிறது, கடன் காலத்தில் இரண்டு மூன்று முறை வரை. மொத்தக் காலத்தை 15 வருடம் வரை நீட்டவும் கேட்கலாம். கடிதத்தின் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் பிராஞ்சை விட்டு வெளியே வராதீர்கள்.